மண்ணாளி என்ற பெயர்

அந்தக் காலத்தில் குளவிகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசினார்கள். மண் குழைத்துச் சுவர் வைக்கிற எல்லோருக்கும், அது ஆளானாலும் சரி, குளவியானாலும் சரி, மண்ணாளி என்றுதான் பெயர்.

ஓர் ஊரில் சடையன் என்ற மண்ணாளி இருந்தான். அவன் வீட்டுக் கூரையடியில் ஒரு குளவி குடியிருந்தது. சடையன் சுவர் எழுப்புவான். விரிசல்களைக் குளவி தன் எச்சில் கலந்த மண்ணால் பூசும். அந்தப் பூச்சு காய்ந்தால் கல்தான்.

ஒரு கோடையில் ஊருக்குள் கொள்ளைநோய் வந்தது. ஊர்க்கோடியில் தனியாக இருந்த சடையனின் அக்கா சீராயி படுக்கையில் விழுந்தாள். ஊர்க்காரர்கள் சடையனிடம் வந்தார்கள்.

“அந்த வீட்டு வாசலை அடைத்துவிடு. இல்லாவிட்டால் உன் வீட்டையும் சேர்த்துக் கொளுத்துவோம்” என்றார் நாட்டாண்மை.

சடையன் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அவன் மண்ணைக் குழைத்தான்.

வாசலில் சுவர் எழுந்தது. மேலே கையளவு இடைவெளிதான் மிச்சம். அங்கே வைத்த ஈரமண் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. அவன் குளவியைக் கூப்பிட்டான்.

“உள்ளே மூச்சுச் சத்தம் கேட்கிறதே?” என்றது குளவி.

“எலியாக இருக்கும். பூசு” என்றான் சடையன், அதன் முகத்தைப் பார்க்காமல்.

குளவி பூசி முடித்தது. அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“தம்பி, காய்ச்சல் விட்டுவிட்டதடா. குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கொடு.”

ஊரே பின்னால் நின்றது. சடையன் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனான். மறுநாளும் அந்தக் குரல் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டான். குரல் நின்ற பிறகுதான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பூச்சு கல்லாகியிருந்தது. கொத்தினான், கொத்தினான், உள்ளங்கை கிழிந்தும் கொத்தினான். சுவர் உடைந்தபோது, அதில் சாய்ந்தபடி இறந்துகிடந்த சீராயி வெளியே சரிந்தாள். அவள் நகங்கள் முழுக்க மண்.

“மண்ணாளி...” என்று நாட்டாண்மை ஏதோ சொல்ல வந்தார்.

“அந்தப் பெயரால் இனி என்னைக் கூப்பிடாதீர்கள்!” என்று கத்திய சடையன் மறுபடியும் கொத்தத் தொடங்கினான். சுவர் தரைமட்டமாகும்வரை நிறுத்தவில்லை.

“எலி என்றாயே” என்றது குளவி. அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு.

அன்று முதல்தான் வீடு கட்டுகிறவனுக்கு மண்ணாளி என்ற பெயர் போய், கொத்தன் என்ற பெயர் வந்தது. குளவியும் அன்று முதல்தான் உயிருள்ள புழுவைத் தன் கூட்டுக்குள் வைத்து, மண்ணால் பூசி மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பறந்துபோகிறது.