சத்திரத்து எச்சில் இலைகள்

வெகு காலத்துக்கு முன்னே மருதங்கோட்டை என்றொரு சீமையைச் சொக்கபூபதி ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் கோபம் மட்டும் மூக்கு நுனியிலேயே குடியிருக்கும்.

மழை பொய்த்த வருஷம் அது. ஏழைகளுக்குச் சோறு போட ராஜா ஒரு சத்திரம் திறந்திருந்தார். சத்திர அதிகாரி ஏகாம்பரம் ஒருநாள் சபைக்கு வந்து, "மகாராஜா, பசி ஒழிந்தது! மலையாய்க் குவிந்த எச்சில் இலை இப்போது கைப்பிடிக்குள் அடங்குகிறது. நானே எண்ணினேன். சத்திரத்தை மூடிவிடலாம்" என்றார்.

"ஐயோ, மூடிவிடாதீர்கள்!" என்று எழுந்தார் புலவர் தாண்டவராயர். "கிணற்றடியில் பெண்கள் பேசியதை என் காதால் கேட்டேன். நாடே பட்டினி கிடக்கிறது."

"பாட்டுக் கட்டுகிறவருக்குக் கணக்கு என்ன தெரியும்?" என்றார் ஏகாம்பரம். முன்பு ராஜா புலவருக்குப் போர்த்திய பொன்னாடை ஏகாம்பரத்தின் கண்ணை இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

"இரண்டில் ஒன்று பொய்!" என்று ராஜா சீறினார். "பொய் சொன்னவர் நாளைக்கு நாட்டைவிட்டே போகவேண்டும்."

மந்திரி செண்பகராமன் மெல்லச் சொன்னார்: "சாப்பிட்டுவிட்டு முடிவு செய்யலாமே, மகாராஜா. இன்றைக்கு அரண்மனையிலும் சத்திரத்து வழக்கப்படியே பந்தி வைப்போம்."

பந்திக் கூடத்து வாசலில் முரசுக்காரன் நின்றான். வருகிறவர் 'என் வீட்டில் சோறில்லை' என்று உரக்கச் சொல்லவேண்டும். உடனே அவன் முரசடிப்பான். அதற்கப்புறம்தான் இலை. ஏமாற்றுக்காரர்களைத் தடுக்க ஏகாம்பரம் சத்திரத்தில் புதிதாய்க் கொண்டுவந்த வழக்கம் அது.

சேனாபதி முரசைப் பார்த்தார். விரதம் என்று திரும்பிவிட்டார். ஏகாம்பரமே வயிற்றுவலி என்று ஒதுங்கினார். ராஜாவும் வாயைத் திறந்து திறந்து மூடினார். அந்த வார்த்தையைச் சொல்ல வெட்கம் விடவில்லை.

"எண்ணுங்கள், ஏகாம்பரம்" என்றார் மந்திரி. "ஓர் எச்சில் இலைகூட விழவில்லை. அரண்மனையில் யாருக்கும் பசியில்லை, அப்படித்தானே?"

ராஜாவின் வயிறு உறுமியது. ஏகாம்பரம் தலை குனிந்தார். புலவரோ மீசையை முறுக்கினார்.

மந்திரி அவரையும் விடவில்லை. "நீங்கள் எத்தனை கிணற்றடியில் கேட்டீர்கள்?"

"ஒன்றில்தான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் அல்லவா?"

"நாடு ஒரே பானையில் பொங்குவதில்லையே, புலவரே. வீட்டுக்கு வீடு உலை வேறு."

புலவரின் கை மீசையிலிருந்து இறங்கியது.

"அப்படியானால் பொய்யன் யார்?" என்றார் ராஜா.

"யாருமில்லை, மகாராஜா. இருவரும் தாம் கண்டதையும் கேட்டதையும்தான் சொன்னார்கள். இவர்களை ஒரே வண்டியில் ஊர் ஊராக அனுப்புங்கள். ஜனங்கள் சத்திரத்துக்கு ஏன் வரவில்லை என்று புலவர் கேட்கட்டும். அது எத்தனை வீட்டுக் கதை என்று ஏகாம்பரம் எண்ணட்டும்."

"இவரோடா? கண்ணீரையும் படி போட்டு அளப்பாரே!" என்றார் புலவர்.

"இவர் முதல் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவாரே!" என்றார் ஏகாம்பரம்.

"சண்டை போட்டுக்கொண்டே போங்கள். ஒரே பதிலோடு திரும்புங்கள். அதுவரை சத்திரம் மூடாது" என்ற ராஜா, தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார்.

பிறகு முரசுக்காரன் காதருகே குனிந்தார்.

"பசிக்கிறதப்பா. முரசை அடித்துவிடாதே."

உள்ளே இரண்டடி வைத்தவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "சத்திரத்திலும்தான்."