குளவிக்கு வீட்டில் இடம் கிடைத்த கதை

மிருகமும் பூச்சியும் மனுசரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், மலையடிவாரத்தில் அங்காத்தா என்று ஒரு வார்ப்புக்காரி இருந்தாள். மெழுகில் உருவம் செய்வாள். அதன்மேல் மண்ணைப் பூசிச் சுடுவாள். மெழுகு உருகி ஓடிய இடத்தில் வெண்கலத்தை ஊற்றுவாள். கை சுத்தம், வாய்தான் நெருப்பு.

ஒரு கோடையில் அவள் பட்டறை வாசலில் பெண் யானை ஒன்று வந்து நின்று அழுதது.

"என் பாதம் பஞ்சு மாதிரி, அக்கா. நான் நடப்பது யாருக்கும் கேட்பதில்லை. போன மழையில் என் காலடியில் எத்தனை தவளை, எத்தனை முயல் குட்டி! காடே கூடிப் பேசிவிட்டது. அடுத்த மழைக்குள் நான் வருவது தூரத்திலேயே கேட்க வேண்டும். இல்லாவிட்டால் என் குட்டியோடு காட்டை விட்டே போய்விட வேண்டுமாம்."

"கழுத்துக்கு ஒரு மணி. அவ்வளவுதானே? கண்ணைத் துடை," என்றாள் அங்காத்தா.

தேனீக்கள் மெழுகு கொடுத்தன. அங்காத்தா மெழுகில் மணி செய்து, கைநிறைய மண்ணை அள்ளி ஒரேயடியாக அப்பி, வெயிலில் வைத்தாள். மண் வெடித்தது. ஊற்றிய வெண்கலம் விரிசல் வழியே தரையில் ஓடியது. மறுபடி செய்தாள். இந்த முறை விரிசல் இல்லை. ஆனால் மணி முழுக்க ஓட்டை; தட்டினால் உடைந்த சட்டி மாதிரி சத்தம்.

"இதுதான் கடைசி மெழுகு. இதற்கு மேல் கொடுத்தால் எங்கள் பிள்ளைகளுக்குக் கூடு இல்லை," என்று சொல்லிவிட்டன தேனீக்கள்.

அங்காத்தா கோபத்தில் மண் அச்சை எட்டி உதைத்தாள். பட்டறைக்குப் பக்கத்து வாய்க்கால் கரையில் மண் எடுத்துக்கொண்டிருந்த குளவி சிரித்தது.

"உதைத்தால் மணி அடிக்குமா, அம்மணி?"

"நசுக்கிவிடுவேன்!"

"நசுக்கு. அப்புறம் யாரிடம் கேட்பாய்? நான் கட்டுகிற கூடும் மண்தான். என்றைக்காவது வெடித்துப் பார்த்திருக்கிறாயா?"

அங்காத்தா குரலைத் தணித்தாள். வாங்க வேண்டிய சரக்கு எதிராளி கையில் இருக்கும்போது கத்தக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

"சரி. என்ன கூலி?"

"வேலை முடியட்டும், சொல்கிறேன்."

"முடிந்த பிறகு கூலி சொல்பவன் கழுத்தை அறுப்பான். இப்போதே சொல்."

"கரையில் கட்டுகிற கூட்டை மழை கரைத்துவிடுகிறது. எங்கள் இனத்துக்கு மனுசர் வீட்டுக்குள் நனையாத ஒரு மூலை வேண்டும்."

"நீ கொட்டுவாயே!"

"தொட்டால் கொட்டுவேன். தொடாதவரைக் கொட்ட எனக்கென்ன வேலை?"

பேரம் முடிந்தது.

"முதல் பூச்சு வடிகட்டின வண்டலில், பாலாடை மாதிரி மெல்லிசாக," என்றது குளவி. "நிழலில் காயட்டும். காய்ந்தபின் அடுத்தது. உமியும் மணலும் கலந்த மண் கடைசியில்தான். ஊற்ற ஒரு வாய் வை, காற்று வெளியேற இன்னொரு வாய் வை. உள்ளே இருக்கிற காற்றுக்கு வழி விடாமல் ஊற்றினால் அது வெண்கலத்தைத்தானே ஓட்டை போடும்?"

பூச்சுக்குப் பூச்சு காத்திருக்க வேண்டியிருந்தது. அங்காத்தா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசிப் பூச்சு போட்ட அன்று மேற்கே கருமேகம் திரண்டது. மெழுகை உருக்கி வடித்தாயிற்று. வெண்கலமும் கொப்பரையில் கொதித்தது.

"ஊற்றிவிடு, அக்கா! மழை வந்துவிட்டது!" என்று யானை பதறியது.

அங்காத்தா கொப்பரையைத் தூக்கினாள். குளவி பறந்து வந்து அச்சின் வாயில் உட்கார்ந்தது.

"அச்சு இன்னும் ஈரம். ஊற்றினால் வெடிக்கும்."

"விலகு! வெந்து போவாய்!"

"வெந்தால் வேகிறேன். கடைசி மெழுகு, அம்மணி."

அங்காத்தா கொப்பரையை மீண்டும் உலையில் வைத்தாள். திரும்பி யானையிடம் கத்தினாள்: "நின்று அழுகிறாயே, அந்தக் காது என்னத்துக்கு? வீசு!"

யானை காதால் வீசியது. அச்சைச் சுற்றி மூட்டிய நெருப்பு கொழுந்துவிட்டு எழுந்தது. ஈரம் ஆவியாகப் போய் அச்சு பழுக்கச் சிவந்தது. குளவி விலகியது. அங்காத்தா ஊற்றினாள். வெடிக்கவில்லை. காற்று வெளியேறும் வாயில் வெண்கலம் எட்டிப் பார்த்தது.

ஆறியபின் மண்ணை உடைத்தால், மணியில் ஊசி முனை அளவு குறைகூட இல்லை. மழையின் முதல் துளி விழும்போது யானை மணியோசையோடு காட்டுக்குள் நடந்தது. முயல்கள் விலகி வழி விட்டன. குட்டி பின்னாலேயே ஓடியது.

குளவிக்குப் பட்டறை மூலை கிடைத்தது. அதன் உறவுக்காரக் குளவிகள் ஊர் வீடுகளுக்குள் இடம் தேடி வந்தபோதுதான் வம்பு. ஊரார் விளக்குமாற்றைத் தூக்கினார்கள்.

"நீ பேசின பேரத்துக்கு நாங்கள் ஏன் மூலை கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார்கள்.

அங்காத்தாவுக்குச் சுர்ரென்று வந்தது. ஆனாலும் அடக்கிக்கொண்டாள். நன்றிக்காக யாரும் எதையும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். லாபம் சொன்னால்தான் கொடுப்பார்கள்.

"விரட்டிக்கொள்ளுங்கள், எனக்கென்ன?" என்றாள். "குளவி கூடு கட்டின வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று சொல்ல வந்தேன்."

விளக்குமாறுகள் இறங்கின. வீட்டுச் சுவரில் குளவி கட்டிய மண்கூட்டைக் கலைக்காமல், யாருக்கு விசேஷம் என்று பெண்கள் சிரித்துக்கொண்டே கேட்பது அன்றைக்குத் தொடங்கியதுதான்.