நாச்சம்மா வீட்ல இருந்த வருஷம்

கரட்டு மேல குகையில இருக்கற சாமியார விட்டா மாரப்பனுக்கு வேற போக்கெடம் கெடையாது. அம்பதத் தாண்டின ஆளு, நெல்லு மில்லு வெச்சிருக்கறவரு. ஆனா சாமி முன்னால வந்தா ஒண்ணாங்கிளாஸ் பையனாட்டம் கையக் கட்டிக்குவாரு. ஏன்னா சாமி ஒரே எடத்துல உக்காந்தவரு. கரட்ட விட்டு எறங்குனதே இல்ல. மாரப்பனுக்கு அது ஒண்ணு போதும். அவரப் பெத்த நாச்சம்மா ஒரு நாளும் உக்காந்ததில்ல.

அன்னிக்கு மகளையும் இழுத்துக்கிட்டு வந்திருந்தாரு. கோகிலா குகைக்குள்ள வரல. வெளிய பாறை மேல உக்காந்துட்டா.

"சாமி, அம்மா கருமாதி முடிஞ்சு ஈரங்கூடக் காயல. இவ அப்பத்தா சாம்பல்ல ஒரு கைப்பிடி எடுத்துக்கிட்டுத் தனியாக் கெளம்பறேங்கறா. போகட்டுமாப்பான்னு எங்கிட்ட நச்சரிக்கறா. அருணாசலப் பிரதேசத்துல தவாங்னு ஒரு ஊராம். பனி கொட்டுமாம். அப்பத்தா ஆசப்பட்டுப் போகாம விட்ட ஊரு அது ஒண்ணுதானாம். நீங்க கூப்புட்டுப் 'போகாத'ன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. தட்ட மாட்டா."

"உங்கம்மா எப்படியாப்பட்ட ஆளு?"

"அதையேன் கேக்கறீங்க! நாக்பூர் போற வெங்காய லாரியில ஏறிக் காசிக்குப் போனவங்க. நடுவுல டிரைவர் கண் அசர, இவங்க ஓட்டியிருக்காங்க. அசாமுக்குப் போயிட்டு ஒரு வாத்தோட திரும்பி வந்தாங்க. ரயில்ல, மடியில வெச்சுக்கிட்டு! டிக்கெட் பாக்கறவரு சத்தம் போட்டதுக்கு என்ன சொன்னாங்க தெரியுமுங்களா?"

மாரப்பன் துண்ட எடுத்து முக்காடு போட்டாரு. அம்மாவாட்டம் தாடையத் தூக்குனாரு.

"'ஏனுங்க, அது சன்னல் சீட்டா கேட்டுச்சு?'"

சாமி சிரிச்சாரு.

"எங் கல்யாணத்துக்குத் துவாரகையில இருந்து வந்தாங்க. கெட்டிமேளம் கொட்டறாங்க, அம்மா தலையெல்லாம் புழுதியோட வந்து நிக்கறாங்க. 'ஏண்டா மாரப்பா, நானில்லாம ஆரம்பிச்சுட்டயா?'"

சொல்லிட்டு அவரும் சிரிச்சாரு. அப்புறம் துண்ட எறக்குனாரு.

"எட்டு வயசுல எனக்கு அம்மை போட்டுச்சு சாமி. அப்பாதான் வேப்பங்கொழையில விசிறுனாரு. அம்மா பூரிங்கற ஊர்ல கடலப் பாத்துக்கிட்டு நின்னாங்க. எங்குடும்பத்துல இன்னொருத்தி அப்படி ஆகக் கூடாது."

சாமி கண்ண மூடிட்டு இருந்தாரு.

"மாரப்பா, கடைசியில இழுப்பு பத்தல."

"என்னுங்க?"

"'ஆரம்பிச்சுட்டயாஆஆ?' அப்படித்தான் முடிப்பாங்க. மேல ஏத்திட்டு, எறக்காம அங்கயே விட்டுருவாங்க."

செத்துப்போன நாச்சம்மா குகைக்குள்ள வந்து பேசுன மாதிரி இருந்துச்சு.

"அம்மாவத் தெரியுமுங்களா?"

"நீ இங்க வர்றதுக்கு முன்னாலருந்தே. அப்பெல்லாம் ஒவ்வொரு தடவ கெளம்பறப்பவும் ஏறி வந்து, 'போகட்டுங்களா சாமி?'ம்பாங்க. 'போயிட்டு வாம்மா'ம்பேன்."

"நீங்களா? அனுப்புனது நீங்களா?" மாரப்பன் எந்திரிச்சே நின்னுட்டாரு. "ஒரு எடத்துல உக்காரு, அதான் தவம்னு எங்கிட்டச் சொன்னது நீங்கதானுங்களே!"

"உங்கிட்டச் சொன்னேன்."

"வீட்ல ஒரு புள்ள கெடக்கறானே, கூட இருன்னு ஒரே ஒரு தடவ சொல்லக் கூடாதுங்களா?"

"சொன்னேன். உனக்கு அம்மை எறங்குன கையோட அழுதுக்கிட்டே வந்தாங்க. 'எங்கயும் போகாதம்மா, வீட்ல இரு'ன்னேன். வருஷம் பூராவும் இருந்தாங்க. உனக்கு நெனப்பில்லையா?"

மாரப்பனுக்கு நெனப்பு வந்துருச்சு.

அந்த வருஷம் மூணு வேளையும் சுடுசோறு. கத கெடையாது, சிரிப்பு கெடையாது. ரோட்டுல பஸ்சு ஆரன் அடிச்சா, சோறு போடற கை அந்தரத்துல அப்படியே நின்னுரும். "அம்மா"ன்னு கூப்புட்டா ரெண்டாந்தடவதான் திரும்புவாங்க. திரும்புனாலும் அவனுக்குப் பின்னால இருக்கற செவுத்தப் பாப்பாங்க.

"அம்மாவோட ஊருக்குப் போற பை,"ன்னாரு மாரப்பன்.

"ம்."

"பரண்ல கெடந்துச்சுங்க. நான்... நான்தான் ஏறி எடுத்தேன். தூசியத் தட்டி அம்மா மடியில வெச்சேன். போயிட்டு வாம்மான்னேன்." மெல்ல உக்காந்தாரு. "நானே சொன்னதுங்க சாமி. எப்படி மறந்து போச்சு எனக்கு?"

"அதுக்கப்புறமும் வருவாங்க. போன ஊருக் கதையெல்லாம் சொல்லுவாங்க. போகட்டுமான்னு மட்டும் எங்கிட்டக் கேட்டதே இல்ல. ஏம்மா கேக்கறதில்லைன்னேன். 'அதான் எம் பையன் சொல்லிட்டானே'ன்னாங்க."

மாரப்பன் துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டாரு. வெளிய கோகிலா கல்லு மேல கல்லத் தட்டற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சாரு.

"செரிங்க. அவளக் கூப்புடறேன். போன்னோ வேண்டாம்னோ, நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க."

"வெளிய உக்காந்திருக்கறவ எங்கிட்டக் கேக்க வரலியே, மாரப்பா."