பாறுகளுக்காகக் கேட்டவர்

ஊசிப்பாறை அடிவாரத்தில் மாட்டு வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் மதிவதனிக்கு ஒரே ஒரு சீடர் இருந்தார். குருவைவிட அவர் வயதில் ரொம்ப மூத்தவர். பெயர் பொன்னுரங்கம். ஈரோட்டில் துணிக்கடை நடத்தி, கடையை மகன்களிடம் விட்டுவிட்டு, "உங்ககிட்டக் கத்துக்க வந்திருக்கேனுங்க" என்று ஒரு பையோடு வந்து இறங்கியவர்.

பாறையின் உச்சி விளிம்பில் பாறுகள் கூடு கட்டியிருந்தன. ஊரார் அவற்றைப் பிணந்தின்னிக் கழுகு என்பார்கள். மொட்டைத் தலை, நீளக் கழுத்து. செத்த மாடுதான் சாப்பாடு.

புலி அடித்த மாட்டின் மேல் யாராவது கோபத்தில் விஷத்தை ஊற்றினால், தின்ன வரும் புலி சாகும். கூடவே பாறுகளும் கூட்டமாகச் சாகும். அரசாங்க நஷ்ட ஈடு வர மாதக்கணக்காகும். கோபம் அதுவரை காத்திருக்காது. அதனால் மதிவதனி ஒரு சிறிய அறக்கட்டளை வைத்திருந்தார். மாடு செத்த அன்றைக்கே உடையவர் கையில் பணத்தைக் கொடுத்து, விஷத்தை வாங்கிக்கொள்வது. அவ்வளவுதான் அதன் வேலை.

அந்த வருஷம் புலி அதிகமாக அடித்தது. கையிருப்பு தீர்ந்துபோயிற்று. நன்கொடை கேட்டு வரச் சொல்லிப் பொன்னுரங்கத்தை டவுனுக்கு அனுப்பினார். போனவர் வெறுங்கையோடு திரும்பினார்.

"எனக்குக் கேக்கத் தெரியலீங்கம்மா. சொல்லிக் குடுங்க."

"என்னன்னு கேட்டீங்க?"

பொன்னுரங்கம் பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். அதில் ஒரு யானைக்குட்டி தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"யானைக்கா கேட்டீங்க?"

"பாறு படத்தைப் போட்டா மூஞ்சியச் சுளிப்பாங்கம்மா. அத்தனை வருஷம் யாவாரம் பண்ணுனவன். கடை வாசல்ல எதைத் தொங்கவிடணும்னு எனக்குத் தெரியாதுங்களா?"

மதிவதனி நோட்டீஸை நாலாக மடித்தார். ஆடிக்கொண்டிருந்த பெஞ்சுக்காலின் அடியில் செருகினார். பிறகு அந்தப் பெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் ஒரு ஜீப் வந்து நின்றது. பாறைக்கு மேலே சொகுசு விடுதி கட்டிக்கொண்டிருந்த குணசீலன் இறங்கினார்.

"கஷ்டப்படறீங்கன்னு கேள்விப்பட்டேன். உங்க டிரஸ்டோட செலவு மொத்தத்தையும் நான் ஏத்துக்கறேன். வருஷா வருஷம்" என்றார்.

பொன்னுரங்கத்துக்கு நெஞ்சு துள்ளியது. அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"பதிலுக்கு என்ன வேணும்?" என்று மதிவதனி கேட்டார்.

"பெரிசா ஒண்ணுமில்ல. என் கட்டடத்தால கழுகுக்குக் கெடுதல் இல்லைன்னு டாக்டர் கையெழுத்துல ஒரு காகிதம்."

"வெடி வைக்கிற சத்தத்துல போன மாசம் ரெண்டு கூடு காலியாயிடுச்சு. தண்ணி குடிக்கிறீங்களா?"

குணசீலன் எழுந்துவிட்டார். "பிச்சை எடுக்கறவங்களுக்கு இவ்வளவு திமிரா?"

"பிச்சை எடுக்கறவங்களா இருந்தா வாங்கியிருப்போமே."

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. பொன்னுரங்கம் அன்று முழுக்க முறைப்போடு திரிந்தார். பொறுக்க முடியாமல் சாயங்காலம் கேட்டேவிட்டார்.

"நாளைக்கே ஒரு மாடு செத்தா எதைத் தூக்கிக் குடுப்பீங்க?"

மதிவதனி மருந்துப் பெட்டியை மூடி வைத்தார்.

அந்த வாரமே செத்தது. சிக்கையனின் கறவை எருமை. ஓடைக்கரையில் புலி அடித்துப் போட்டிருந்தது. இருவரும் போனபோது சிக்கையன் எருமையின் தலைமாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் பூச்சிமருந்துப் பாட்டில்.

"பணம் கொண்டாந்தீங்களா?" என்றான்.

"இல்ல" என்றார் மதிவதனி.

"அப்பத் தள்ளி நில்லுங்க. எம்புள்ளைங்களுக்குப் பால் ஊத்துனவ இவ. இவளைத் தின்னவன் உசுரோட போகக் கூடாது."

"சாயங்காலம் வரைக்கும் பொறு சிக்கையா. நானும் இங்கயே இருக்கேன். இன்னிக்குச் சந்தை. இவர் போய்க் கேட்டுட்டு வருவார்."

சிக்கையன் பொன்னுரங்கத்தை ஏற இறங்கப் பார்த்தான். பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. ஆனால் திறக்கவும் இல்லை.

பொன்னுரங்கம் மதிவதனியைத் தனியே கூப்பிட்டார்.

"என்னன்னும்மா கேக்கறது?"

"நடந்தது எதுவோ அதைச் சொல்லுங்க."

"சொல்லிட்டு?"

"வாயை மூடிக்கிட்டு நில்லுங்க."

"யார்கிட்ட மொதல்ல கேக்கறது?"

"உங்களைப் பார்த்துச் சிரிக்கிறவன்கிட்ட."

சந்தையில் பொன்னுரங்கம் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் சும்மா சுற்றினார். வாங்க வாங்க என்று ஊரையே கூப்பிட்டவர்தான். இன்றைக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தவனின் கை கண்ணுக்குள்ளேயே நின்றது. டீக்கடை முன்னால் கும்பலாக இருந்தது. அங்கே போய் நின்றார்.

"சிக்கையன் எருமையைப் புலி அடிச்சிருச்சுங்க. அவன் விஷத்தோட உக்காந்திருக்கான். பொழுது சாயறதுக்குள்ள அவன் கையில பணம் குடுக்கலைன்னா விஷத்தை ஊத்திருவான். நாளைக்குப் பாறையில இருக்கிற பறவைங்க எல்லாம் அதைத் தின்னு செத்துப்போயிரும்."

"எந்தப் பறவை?" என்றார் கறிக்கடை மஸ்தான்.

"பொணந்தின்னிக் கழுகு."

கும்பல் சிரித்தது. மஸ்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "செத்ததைத் தின்னுற சனியனுக்கா காசு கேட்டு வந்தே?"

பொன்னுரங்கத்துக்குக் காது சூடேறியது. யானை, மான், மயில் என்று எதையாவது சொல்லித் தப்பித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம், எங்கிருந்தோ ஒரு பிடிவாதம் ஏறியது.

"ஆமாங்க. செத்ததைத் தின்னுறதுக்குத்தான் கேக்கறேன். அழகான பறவைக்குக் கேக்க ஆயிரம் பேர் இருக்காங்க. இதுக்குக் கேக்க நான்தான் இருக்கேன்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஒருவர் டீ கிளாஸைப் பார்த்தார். இன்னொருவர் வானத்தைப் பார்த்தார். பேசாமல் நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று பொன்னுரங்கத்துக்கு அதுவரை தெரியாது. இடுப்புத் துண்டு வேர்வையில் நனைந்தது.

"எந்த எருமை?" கும்பலுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. மாட்டுத் தரகு செய்யும் கெம்பம்மா. "வளைஞ்ச கொம்புக்காரியா? நாந்தான் அவனுக்குப் பிடிச்சுக் குடுத்தேன். அட கடவுளே."

அவள் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்துப் பணத்தை எடுத்து நீட்டினாள். "கழுகுக்கு இல்ல. சிக்கையனுக்கு" என்றாள் கறாராக.

"சரிங்கம்மா."

பிறகு ஒவ்வொருவராகப் பைக்குள் கையை விட்டார்கள். சிலர் நகர்ந்து போனார்கள். மஸ்தான் கடைக்குள் போய்விட்டார். பொன்னுரங்கம் கிளம்பும்போது மஸ்தான் பின்னாலேயே ஓடிவந்து, "எங்கடைக் கழிவையும் ஊருக்கு வெளிய கொட்டறேன். அது நாறாம இருக்கறது எதனாலன்னு எனக்கும் தெரியும்யா" என்று அவர் சட்டைப்பையில் பணத்தைத் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

சேர்ந்த பணம் எருமையின் விலைக்குப் போதாது.

ஓடைக்கரையில் மதிவதனியும் சிக்கையனும் அவர் விட்டுப்போனபடியே உட்கார்ந்திருந்தார்கள். பொன்னுரங்கம் துண்டில் முடிந்திருந்ததை அப்படியே அவன் மடியில் வைத்தார்.

"கொறைச்சல்தான் சிக்கையா."

"யார் குடுத்தது?"

பொன்னுரங்கம் பெயர்களைச் சொன்னார். சிக்கையன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு பெயர் வந்ததும் நிமிர்ந்தான்.

"நஞ்சப்பனா? அவனுக்கும் எனக்கும் வாய்க்கால் தகராறு. பேச்சே இல்லையே."

"உன் பேரைச் சொன்னதும் குடுத்தாருப்பா."

சிக்கையன் வெகுநேரம் எருமையின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தான். அப்புறம் பாட்டிலை மதிவதனி பக்கம் தள்ளினான்.

"மீதி?"

"அடுத்த சந்தையில கேப்பேன்" என்றார் பொன்னுரங்கம். குருவைப் பார்த்து அனுமதி கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் வெயில் ஏறியதும் பாறுகள் பாறையை விட்டுக் கிளம்பி, வட்டமிட்டு, ஒவ்வொன்றாக எருமை மேல் இறங்கின. ஒன்றையொன்று தள்ளின, கொத்தின, தலையைக் கழுத்து வரைக்கும் உள்ளே விட்டுத் தின்றன. பார்க்க நன்றாக இல்லை. பொன்னுரங்கம் முகத்தைத் திருப்பாமல் கடைசி வரை பார்த்தார்.

அடுத்த சந்தைக்கு அவர் பாறுவின் படத்தோடு போனார். மொட்டைத் தலை தெளிவாகத் தெரியும் பெரிய படம். சந்தை வாசலிலேயே குணசீலனின் ஆட்கள் நின்றிருந்தார்கள். விடுதி வேலையாட்களுக்குக் காய்கறி கொடுக்கும் கடைக்காரர்களிடம், காசு கொடுக்கக் கூடாது என்று முன்னாடியே சொல்லி வைத்திருந்தார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த ஆட்கள் படத்தைப் பிடுங்கிக் கிழித்தார்கள். பிடுங்கியதில் சட்டையும் கிழிந்தது. பொன்னுரங்கம் படம் இல்லாமலே நின்று, நடந்ததைச் சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டார். கெம்பம்மா வந்து பக்கத்தில் நின்றாள். அன்றைக்குக் கிடைத்தது அற்பம்.

அதைச் சிக்கையனிடம் சேர்த்துவிட்டுக் கிழிந்த சட்டையோடு திரும்பினார். மதிவதனி ஒரு கன்றுக்குட்டியின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பொன்னுரங்கம் கன்றைப் பிடித்துக்கொண்டார்.

"பாதிக் கடையில தலையத் திருப்பிக்கிட்டாங்கம்மா."

"ம்."

"அடுத்த வாரமும் அவங்க வாசல்ல நிப்பாங்க."

"நிப்பாங்க."

"எத்தனை நாளைக்குங்கம்மா இப்படிக் கேட்டுக்கிட்டே இருக்கறது?"

மதிவதனி கன்றைத் தட்டி அனுப்பிவிட்டுக் கையைக் கழுவினார்.

"இல்லைன்னு சொல்றவங்களுக்கு அலுத்துப்போற வரைக்கும்."