காத்தாயியின் காயத்துக்கு எவ்வளவு நூல்?

நெல்லிவனத்தை ஆண்ட கடம்பராயர் நல்ல ராஜாதான். ஆனால் கண்ணால் பார்த்ததை மட்டுமே நம்புவார். அதனால் ஊரில் நடப்பதில் பாதி அவருக்குத் தெரியாமலே போயிற்று.

அவருடைய சமஸ்தானத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அரண்மனை யானையோ குதிரையோ வண்டியோ யாரையாவது காயப்படுத்திவிட்டால், வைத்தியர் நூலும் கத்தரியுமாக வந்து நிற்பார். காயம் தொடங்கும் இடத்தில் நூலை வைத்து, முடியும் இடத்தில் அறுப்பார். விரல் நீள நூலுக்கு ஒரு பாத்தி நிலம் ஈடு. சண்டை சச்சரவில்லாத ஏற்பாடு. என்ன, அடிபட்டவர்களில் சிலர் வைத்தியர் வரும்வரை மருந்தே போடாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதற்குள் ஆறிச் சுருங்கிவிட்டால் யாருக்கு நட்டம்?

ஒரு நாள் தயிர் விற்கும் காத்தாயி ஈடு கேட்டுச் சபைக்கு வந்தாள். பங்குனியில் கடைவீதி முக்கில் ராஜாவின் ரதம் அச்சு முறிந்து சாய்ந்தபோது, மிரண்ட குதிரைகள் அவள் தலைக்கு மேல் கால் தூக்கி நின்றன. தயிர்ப்பானை சுக்கு நூறாயிற்று. அவள் மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்தாள். ரதத்திலிருந்த ராஜாவும் பக்கத்திலிருந்த பஞ்சுப் பொதியில் போய் விழுந்து கீறல் இல்லாமல் எழுந்தார். கோயிலில் ஒரு அபிஷேகம் நடந்தது. ஊர் மறந்துவிட்டது. அன்றிலிருந்து ராஜா முழங்கால் வலி என்று பல்லக்கில்தான் போய்வந்தார். எந்த முழங்கால் என்பது மட்டும் நாளுக்கு நாள் மாறியது.

காத்தாயிக்கு அந்த முக்கு ஆகாமல் போயிற்று. குளம்புச் சத்தம் கேட்டால் கை தானாகப் பானையை விட்டுவிடும். அதனால் ஊரின் கிழக்கு வாசலிலேயே விலகி, ஏரிக்கரையைச் சுற்றி, சுடுகாட்டு வழியாகச் சந்தைக்குப் போனாள். பேய்க்குப் பயமில்லை, முக்குக்குத்தான் பயம். போய்ச் சேருவதற்குள் தயிர் புளித்துவிடும். வாங்க ஆளில்லை. ஒரு எருமையை விற்றாயிற்று. மற்றதையும் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அதுவும் போனால் பிள்ளைகளுக்குக் கஞ்சி இல்லை.

"காயத்தைக் காட்டு" என்றார் ராஜா.

"வெளியில இல்லீங்க மகாராஜா."

"பிறகு நூலை எதன்மேல் வைப்பது?"

சபைக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. ராஜா மட்டும் ஏனோ முழங்காலைத் தடவிக்கொண்டார். வைத்தியர் நூலைச் சுருட்டத் தொடங்கினார்.

அப்போது பிச்சாண்டி எழுந்தான். சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போனவன். சட்டம் சட்டம்தான் என்று முதலில் ஒப்புக்கொண்டான். பிறகு, காயம் உடம்பில்தான் இருக்க வேண்டுமென்று சட்டத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டான். நிலக்கணக்குப் பார்க்கும் பிரதானி சட்டத்தை மனப்பாடமாக இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். இல்லை.

"அப்படியானால் வைத்தியர் இந்த அம்மாவோடு ஒரு நடை சந்தைக்குப் போய்வரட்டும்" என்றான் பிச்சாண்டி. "எல்லாரும் நேரே போகிற இடத்தில் இவர் எங்கே விலகுகிறாரோ, அங்கே காயம் தொடங்குகிறது. மறுபடி எங்கே வழியில் வந்து சேருகிறாரோ, அங்கே முடிகிறது. நடுவில் நூலைப் போடட்டும்."

வைத்தியரின் நூல் ஏரிக்கரைக்கு முன்பே தீர்ந்துபோயிற்று. நெசவாளர் தெருவிலிருந்து கண்டு கண்டாக நூல் போயிற்று. பொழுது சாயும்போது வைத்தியர் பூசணிக்காய் அளவு நூலுருண்டையோடு திரும்பினார். சுடுகாட்டு வழியாக நடந்ததில் அவருக்கே லேசாகக் காய்ச்சல் கண்டிருந்தது.

பிரதானி கணக்குப் போட்டார். நெல்லிவனத்து நஞ்சை புஞ்சை அத்தனையும் கொடுத்தாலும் போதவில்லை. "பக்கத்து ராஜாவிடமும் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கும்" என்றார்.

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சுற்றிப் போவதெல்லாம் ஒரு காயமா, மனசைத் திடப்படுத்திக்கொண்டு நேரே போக வேண்டியதுதானே என்றார்.

"நானும் அதைத்தான் சொன்னேன் மகாராஜா" என்றான் பிச்சாண்டி. "இந்த அம்மா நம்பவில்லை. கண்ணால் காட்டிவிடலாம். அதே விபத்தில் கீறல் படாமல் தப்பியவர் இன்னொருவர் இருக்கிறாரே. அவர் அதே ரதத்தில் ஏறி, அதே முக்கு வழியாக ஒரு தடவை போய்வரட்டும். அச்சு மாற்றிய ரதம் வாசலில் பூட்டி நிற்கிறது."

வாசலில் ஒரு குதிரை காலைத் தட்டியது. ராஜாவின் இரண்டு கைகளும் சிம்மாசனத்தின் பிடியை இறுக்கிக்கொண்டன. முழங்கால் வலிக்கிறதே என்றார். எந்த முழங்கால் என்று பிச்சாண்டி பணிவாக விசாரித்தான். ராஜா இரண்டையும் குனிந்து பார்த்தார். சபையில் யாரும் சிரிக்கவில்லை.

காத்தாயியும் அந்தச் சத்தத்தில் முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் ராஜாவின் கைகளைப் பார்த்தாள். அவளுக்குப் பாவமாக இருந்தது.

"போகப் போகப் பழகிடும்னு சொல்லுவாங்க மகாராஜா" என்றாள். "பழகல."

ராஜா பிடியை விட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார். விற்ற எருமையை அரண்மனை மீட்டுத் தர வேண்டும். முக்குக்குப் போகத் தேவையில்லாதபடி கிழக்கு வாசலுக்கு உள்ளேயே, அவள் வீட்டுப் பக்கமாக, தயிர்க்கடை போட இடமும் மேய்ச்சலுக்கு நிலமும் தர வேண்டும். மீதி நூலுக்கு ஈடு கேட்டு வற்புறுத்த வேண்டாம் என்று காத்தாயியிடம் அவரே கேட்டுக்கொண்டார். அவளும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தாள். பிரதானிக்கு உயிர் வந்தது.

சபை கலைந்தது. ராஜா பிச்சாண்டியை அருகே அழைத்து, தன் கழுத்திலிருந்த முத்துமாலையை அவன் கழுத்தில் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கண்ணை மூடினால் அந்தக் குதிரைகள்தான் வருகின்றன. தூக்கமே இல்லை. எனக்கு யாரப்பா ஈடு தருவது?"

"சட்டப்படி ரதத்துக்குச் சொந்தக்காரர்தான் தர வேண்டும் மகாராஜா. மனுக் கொடுத்துப் பாருங்கள். நல்ல மனிதர்தான்" என்றான் பிச்சாண்டி. "ஆனால் காயத்தைக் காட்டு என்பார்."