கூப்பிட்டால் பதில் வருகிற ஊர்

"எனக்கு வீட்டுல இருக்க முடியலம்மா."

வந்து உட்கார்ந்ததும் ஞானதுரை இதைத்தான் சொன்னார்.

அவர் பத்திரிகை நிருபர். எங்கே போர் நடந்தாலும் அவரைத்தான் அனுப்புவார்கள். கடைசியாகப் போன இடத்திலிருந்து மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால்தான் பாளையங்கோட்டைக்குத் திரும்பியிருந்தார்.

எதிரே இருந்தவர் வடிவம்மை. தென்காசிக்கு வெளியே சின்னதாக ஓர் ஆசிரமம் நடத்துகிறவர். ஞானதுரையைவிட வயதில் இளையவர். ஆனாலும் வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் அம்மாதான்.

"வீட்டுல என்ன கஷ்டம்?"

"ஒரு கஷ்டமும் இல்ல. விடிஞ்சா பால் வருது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டி நிறுத்த இடம் இல்லேன்னு சண்டைக்கு வாராரு. என் மனைவி எப்சிபா சுடச்சுட தோசை வைக்கா. எனக்குத்தான் இறங்க மாட்டேங்குது."

"ஏன்?"

"திருடித் திங்கிற மாதிரி இருக்கு."

வடிவம்மை தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நேத்து தட்டைத் தள்ளி விட்டுட்டேன். அவ சத்தம் போடல. அடுப்பை அணைச்சா. 'நீங்க இன்னும் ஊருக்கு வந்து சேரல'ன்னு சொன்னா. அதுக்கப்புறம் பேசல."

"சரி."

"ஆபீஸ்ல மறுபடியும் போகச் சொல்லுதாங்க. இன்னைக்குப் பதில் சொல்லணும். போயிரலாம்னுதான் தோணுது. இங்க இருந்து நான் யாருக்கு என்ன செய்யப் போறேன்?"

வடிவம்மை எழுந்தார். ஆணியில் மாட்டியிருந்த இரண்டு பைகளை எடுத்தார்.

"காய் வாங்கப் போறேன். பை பிடிக்க ஆள் வேணும். வாரீங்களா?"

ஞானதுரைக்கு உள்ளுக்குள் எரிச்சல். பை பிடிக்கவா பஸ் ஏறி வந்தோம்? இருந்தாலும் பையை வாங்கிக்கொண்டார்.

சந்தையில் காலைக் கூட்டம். வடிவம்மை மல்லித்தழையை முகர்ந்து பார்த்தார். கத்தரிக்காயை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து எடுத்தார். ஞானதுரை சுவரோரமாக நின்றுகொண்டு மாடி ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் ஓடலாம் என்று பார்த்து வைத்துக்கொண்டார். அது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

அப்போது வெங்காய லாரி ஒன்றின் டயர் வெடித்தது.

என்ன நடந்தது என்று மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஞானதுரை தரையில் குப்புறக் கிடந்தார். இரண்டு கைகளும் தலைக்கு மேல். பையிலிருந்த தக்காளி உருண்டு ஓடியது.

யாரோ சிரித்தார்கள். யாரோ, "மயக்கம் போல, தண்ணி கொண்டாங்க" என்றார்கள்.

வடிவம்மை தன் பையைக் கீழே வைத்தார். சேலையை ஒதுக்கிக்கொண்டு, அழுகிய முட்டைக்கோஸ் இலைகளுக்கு நடுவில், அவருக்குப் பக்கத்தில் தானும் படுத்தார்.

சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

கன்னம் சகதியில் பட, வடிவம்மை மெதுவாகக் கேட்டார்: "இதுக்கடுத்து அங்க என்ன நடக்கும்?"

"கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது."

"அப்புறம்?"

"பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க." ஞானதுரை தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. "புகையில கண்ணு தெரியாது. அவங்கவங்க வீட்டு ஆளை அவங்கவங்க கூப்பிடுவாங்க. ஒரு அம்மா, யூசுப், யூசுப்னு சாயங்காலம் வரைக்கும் கூப்பிட்டாங்க. ஒரு பதிலும்..."



"இப்ப கேளுங்க" என்றார் வடிவம்மை.

லாரி பக்கமிருந்து டிரைவர் கத்தினார். "ஏலே முப்புடாதி!"

பதில் இல்லை.

ஞானதுரையின் விரல்கள் மண்ணைப் பற்றின.

"ஏலே முப்புடாதி! எங்கல போன?"

"இங்கனதாம்ணே இருக்கேன்! ஒரு டீ குடிக்க விட மாட்டீரா?"

சந்தை சிரித்தது.

ஞானதுரை மூச்சை விட்டார். ஆனால் எழவில்லை. காதைத் தரையோடு வைத்தபடி கேட்டுக்கொண்டே கிடந்தார்.

"பேச்சி!"

"என்னக்கா?"

"கூடையைக் கொஞ்சம் நகத்து."

"சாகுல் பாய்!"

"சொல்லுங்க தம்பி."

"எம்மா, எம்மோவ்!"

"வாரேன், இரு. கத்தாத."

ஒருவர் கூப்பிட்டார். ஒருவர் பதில் சொன்னார். சலிப்போடு சொன்னார்கள், எரிச்சலோடு சொன்னார்கள், வாயில் எதையோ மென்றுகொண்டே சொன்னார்கள். சொல்லாமல் விட்டவர் ஒருவருமில்லை. அந்தச் சந்தையில் யாரும் இதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

ஞானதுரையின் தோள்கள் குலுங்கின. ஐயோ பாவம், அழுகிறார் என்று வெங்காயக்காரி நினைத்தாள். பக்கத்தில் கிடந்த வடிவம்மைக்குத்தான் தெரிந்தது, அவர் சிரிக்கவும் செய்தார்.

பிறகு அவரே எழுந்து வடிவம்மைக்குக் கை கொடுத்தார்.

"அம்மா, சேலையெல்லாம் சகதி."

"துவைச்சா போயிரும்" என்று சொல்லிவிட்டு அவர் முருங்கைக்காய்க்காரரிடம் பேரம் பேசப் போனார்.

ஞானதுரை செல்போனை எடுத்தார். அலுவலகத்திலிருந்து வந்திருந்த அழைப்புகளைத் தள்ளிவிட்டு வீட்டு எண்ணை அழுத்தினார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுத்தார்கள்.

"எப்சிபா."

அந்தப் பக்கம் பேச்சில்லை. ஞானதுரை கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன?" கோபம் ஆறாத குரல். "என்ன வேணும் இப்ப?"

ஞானதுரை போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஒண்ணும் வேண்டாம்" என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "எப்சிபா" என்றார்.

"இங்கதான இருக்கேன். சொல்லுங்க."