மூக்கையா மேஸ்திரிக்குத் தட்டு விலகிய கதை

கோணாம்பட்டி அரிசி மில்லில் மூட்டை தூக்கும் ஆட்களுக்கு மூக்கையாதான் மேஸ்திரி. அவருக்குக் கீழே வீரணன், சடையன், ஒச்சப்பன். மூவருக்கும் உடம்பில் பலம் அதிகம். அதோடு நிறுத்திக்கொள்வோம்.

ஒருநாள் மேஸ்திரி குனிந்து மூட்டையைத் தூக்கினார். இடுப்பில் 'மளுக்'கென்றது. கால்வரை மின்சாரம் பாய்ந்த மாதிரி வலி. மனிதர் அப்படியே விழுந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதுகெலும்புல ஒரு தட்டு விலகியிருக்கு. பயப்படாதீங்க, பெரும்பாலும் தானா சரியாயிடும். மாத்திரை போடுங்க, மெதுவா நடங்க. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. வலி இன்னும் கீழே இறங்கினா உடனே வாங்க."

"ஐயோ, தட்டு எங்கே விழுந்துச்சோ!" என்று சடையன் கண்கலங்கினான். மூவரும் மில்லுக்கு ஓடி, மூட்டைகளைப் புரட்டித் தேடினார்கள். கிடைத்தது ஒரே ஒரு தட்டு. அதில் பாதிச் சோறு இருந்தது.

ஒச்சப்பன் குனிந்து முகர்ந்தான். "இது அண்ணனோடது இல்லை. அவரு கத்திரிக்காய் தொட மாட்டாரு."

சோகத்தோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, மேஸ்திரியை வீட்டுக்குக் கொண்டுபோக மில் வேனில் படுக்கவைத்து, வலி கீழே இறங்காமலிருக்க இரண்டு கால்களையும் மேலே தூக்கிக் கம்பியில் கட்டினார்கள்.

"டேய், தலை கிறுகிறுங்குதுடா!" என்று மேஸ்திரி அலறினார்.

"பாத்தியா, வலி மேலே ஏறுது!" என்று வீரணன் மகிழ்ந்தான்.

வீட்டு வாசலோ மார்பளவு உயரம்தான். குனியாமல் எப்படி நுழைவது? மூவரும் நின்று யோசித்தார்கள்.

"முட்டி போட்டுப் போயிடறேன்டா" என்றார் மேஸ்திரி.

"டாக்டரம்மா முட்டியைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே, அண்ணே" என்றான் வீரணன். "சொல்லாததைச் செய்யக் கூடாது."

கூரை ஓடுகளைப் பிரித்தார்கள். மேஸ்திரியை நாற்காலியில் உட்காரவைத்து, கயிறு கட்டி மேலே இழுத்து உள்ளே இறக்கினார்கள்.

மாத்திரை போட்டு, வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து, மூன்று வாரத்தில் மேஸ்திரிக்கு வலி பெரிதும் குறைந்தது. எப்படி இருக்கிறார் என்று பார்க்க டாக்டரம்மாவே ஒருநாள் வந்தார். வாசலில் குனியப் போனவரை மூவரும் பாய்ந்து தடுத்தார்கள்.

"குனியாதீங்கம்மா! நாற்காலி தயாரா இருக்கு."

டாக்டரம்மா திகைத்துப்போய்க் கூரையைப் பார்த்தார்.

உள்ளேயிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது: "பேசாம உக்காந்துடுங்கம்மா, விட மாட்டானுங்க. மூணு வாரமா என் பொண்டாட்டி தண்ணிக் குடத்தோட அதுலதான் வந்துபோறா."